பந்தி பிரிந்த பள்ளிக்கூடம்

திருச்செந்தூருக்கு வரும் யாத்திரிகர்களில் பெரும்பாலோர், கடலாடி, நாழிக்கிணற்றில் நீராடி, செந்திலாண்டவனைத் தரிசித்து, வள்ளி குகையையும் எட்டிப் பார்த்துவிட்டு, வந்த வழியே ஊர் திரும்பிவிடுகிறார்கள். அக்ஷேத்திரத்தில் என் மனத்தை நெடுநேரம் நிறுத்தி வைத்தது அன்னதானக் கூடம். கோவணாண்டியாய் வந்த துறவியும், சரிகை வேஷ்டி உடுத்திய வியாபாரியும், விரதமிருந்து பாதயாத்திரையாய் வந்த கூலித் தொழிலாளரும், கைக்குழந்தையோடு வந்த தாய்மாரும், யார் எவர் என்று ஒருவரும் கேளாமல், இலைக்கு இலை தோளோடு தோள் பட அமர்ந்து உண்டு எழுகிறார்கள். இதே கோயிலின் சுற்று மதிலுக்கு வெளியே நின்று கும்பிட்டுவிட்டுத் திரும்ப வேண்டியிருந்த சமூகங்கள் இந்தச் சீமையில் பல இருந்தன என்பதும், அந்நிலை நீங்கிச் சட்டப்படி வாசல் திறந்து இன்னும் ஒரு நூற்றாண்டுகூட ஆகவில்லை என்பதும் நினைவுக்கு வரும்போது, அந்தப் பந்தி சாதாரணமான காட்சியாகத் தோன்றுவதில்லை. ஒரு பந்தியினால் உடைந்துபோன ஒரு பள்ளிக்கூடம் இதே ஆற்று வெளியில், இங்கிருந்து மேற்கே, மலையடிவாரத்துக்குச் சமீபத்தில் இருந்தது. அதன் ஸ்தானத்தைச் சென்று பார்க்க வேண்டுமென்ற எண்ணம் எனக்கு வெகு நாளாக உண்டு.

சேரன்மகாதேவித் தமிழ்க் குருகுலம் என்று சரித்திரம் குறிக்கும் அந்த வித்தியாசாலையை, வரகனேரி வேங்கடேச சுப்பிரமணிய ஐயர், அதாவது வ. வே. சு. ஐயர், நடத்தினார். பொதிகையில் பிறந்து ஏறத்தாழ 125 கிலோமீட்டர் ஓடித் திருச்செந்தூருக்கு வடக்கே புன்னைக்காயலில் கடலோடு கலக்கும் தாமிரபரணியின் கரை நெடுக, பாபநாசம் முதல் சேர்ந்தபூமங்கலம் ஈறாக ஒன்பது கைலாசநாதர் கோயில்கள் இருப்பதையும், அவற்றுள் இரண்டாவது சேரன்மகாதேவியில் இருப்பதையும் பக்தர்கள் அறிவார்கள். நவகைலாய யாத்திரை செய்வோர் மலையிலிருந்து கடலை நோக்கி இறங்கி வருவார்கள். நானோ கடலிலிருந்து மலையை நோக்கி, ஆற்றை எதிர்த்து ஏறிப் போகத் தீர்மானித்தேன்.

திருச்செந்தூரிலிருந்து திருநெல்வேலிக்குச் செல்லும் ரயில் பாதையில் ஏறி உட்கார்ந்தால், காயல்பட்டினமும் ஆறுமுகநேரியின் வெண்மையான உப்பளங்களும் கடந்தபின், மண்ணின் நிறம் மெல்ல மாறத் தொடங்குகிறது. குரும்பூர் தாண்டித் தேரி மணலும் பனையும் பின்னடைய, வாழைத் தோட்டங்களும் வயல்களும் முன்வருகின்றன. நாசரேத் வருகிறது, மார்காஷிஸ் என்ற பாதிரியார் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பள்ளியும் மருத்துவமனையும் தொழிற்பயிற்சிக் கூடமுமாக வளர்த்த ஊர் அது. அப்பால் ஆழ்வார்திருநகரி, நம்மாழ்வார் அமர்ந்திருந்த புளியமரம் என்று வைஷ்ணவ உலகம் போற்றும் மரத்தை உடைய ஊர். அதற்கப்பால் ஸ்ரீவைகுண்டம். ஐந்து வயது வரை பேச்சு வராதிருந்து, பெற்றோர் கொண்டுவந்து கிடத்திய செந்தூர்ச் சந்நிதியில் வாய் திறந்து பாடினார் என்று கூறப்படும் குமரகுருபரர் பிறந்த ஊர் அது. பின்னாளில் காசி சென்று மடம் நிறுவி, தமிழைக் கங்கைக் கரையில் ஒலிக்கச் செய்த அந்த மகானின் பெயரால் அவ்வூரில் ஒரு பள்ளியும் நடக்கிறது. இப்படி ஒவ்வொரு நிலையத்திலும் ஒரு கோயிலும் ஒரு பள்ளியுமாக எதிர்ப்படும் பிரதேசம் தமிழ்நாட்டில் வேறு எத்தனை உண்டென்று எண்ணிக்கொண்டே போகலாம். கல்விக்காக எதையும் விற்கத் துணிந்த தாய் தந்தையரை இந்த ஜில்லாவில் பார்ப்பது போல் நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

பாளையங்கோட்டையில் வண்டி நின்றபோது எனக்கு ரேனியஸ் நினைவுக்கு வந்தார். அவ்வூரைத் தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு என்று பெருமையோடு கூறுவது வழக்கம்; அந்தப் பெருமைக்கு அடிக்கல் நாட்டியவர்களுள் ஒருவரான அந்த ஜெர்மானியப் பாதிரியார் 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்து சேர்ந்தார். அவர் மாணவர் விடுதியோடு கூடிய ஒரு பள்ளியை ஏற்படுத்திய தொடக்க காலத்தில், எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஒன்றாக உண்ண வேண்டும் என்று விதித்தார். பிள்ளைகள் பலர் மறுத்தார்கள். ரேனியஸ் இளகவில்லை, பள்ளியைக் கலைத்துவிட்டு, சேர்ந்து உண்ணச் சம்மதித்தவர்களைக் கொண்டே அதைப் பின்னர் தொடங்கினார். அவருடைய சமயப் பிரசாரத்தைப் பற்றி யாருக்கு எந்த அபிப்பிராயம் இருந்தாலும் இருக்கட்டும். பள்ளி இல்லாமல் போனாலும் போகட்டும், பந்தி பிரியலாகாது என்று ஒருவர் இந்த ஆற்றங்கரையில் சொல்லிச் செய்தும் காட்டியிருந்தார். அதன்பின் ஏறக்குறைய நூறு ஆண்டுகள் கழித்து, அதே கேள்வி, அதே நதிக்கரையில் மேற்கேயுள்ள ஊர் ஒன்றில், நம்மவரிடையே சிறந்த தேசபக்தர் ஒருவரின் வாசலில் வந்து நின்றது.

திருநெல்வேலி ஜங்ஷனில் வண்டி மாறித் தென்காசிப் பாதையில் பேட்டையைக் கடந்தால் சற்று நேரத்திற்கெல்லாம் சேரன்மகாதேவி. ஊர் ஜனங்கள் வாயில் சேர்மாதேவி. ரயில் நிலையத்திலிருந்து ஆற்றை நோக்கி நடக்கும்போது, ஒரு புறம் மலைத்தொடரின் நீல விளிம்பும், மறுபுறம் கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் செழித்த வயல்களும், நடுவே சோழ பாண்டியர் காலத்துக் கல்வெட்டுகளைச் சுமந்து நிற்கும் பழங்கோயில்களும் கண்ணுக்குப் புலனாகின்றன. கோரைப்பாய்க்குப் பேர்போன பத்தமடை அடுத்த ஊர். ஆற்றில் இறங்கினால் இடுப்பளவு நீர் தெளிவாய் ஓடுகிறது. அதிகாலையில் பிள்ளைகளை எழுப்பி நீராடச் செய்து, பின் பாடத்துக்கும் பாடுபடும் தொழிலுக்கும் அழைத்துச் செல்ல விரும்பிய ஒரு ஆசிரியர் இந்த ஊரைத் தேர்ந்தெடுத்ததில் வியப்பில்லை.

படித்துறைக்கு அருகே ஒரு தேநீர்க் கடையில் அமர்ந்திருந்த முதியவரிடம், குருகுலம் இருந்த இடத்தை விசாரித்தேன். "அய்யர் பள்ளிக்கூடத்தையா கேக்கிய?" என்றார். ஆம் என்றேன். "எங்க தாத்தா காலத்துச் சங்கதில்லா அது. பிள்ளையளத் தனியா வச்சிச் சோறு போட்டாவன்னு பெரிய வழக்காப் போச்சுன்னு சொல்லுவாவ. அதுக்கு மேல எனக்குத் தெரியாது, அண்ணாச்சி" என்று சொல்லி, ஆற்றின் பக்கமாகக் கையை நீட்டினார். எழுத்தறிவித்த ஒரு ஸ்தாபனம் தன் ஊரிலேயே எந்த விஷயத்துக்காக ஞாபகத்தில் நிற்கிறது என்பதை அந்த ஒரு வாக்கியம் எனக்கு உணர்த்திவிட்டது. அந்த ஞாபகம் பொய்யன்று. ஆனால் அது முழுமையுமன்று. அங்கே என்ன கற்பிக்கப்பட்டது, எதற்காக அது எழுந்தது என்பதையும் சொல்லாமல் அது எப்படி விழுந்தது என்பதை மாத்திரம் சொல்வது, எழுப்பியவருக்கும் நியாயமாகாது, எதிர்த்தவருக்கும் நியாயமாகாது.

திருச்சிராப்பள்ளி வரகனேரியில் 1881ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் பிறந்த ஐயர், வக்கீலாகி, இரங்கூனில் தொழில் நடத்தி, பாரிஸ்டர் பட்டம் பெறும் நோக்கத்தோடு லண்டன் சென்றவர். அங்கே இந்தியா ஹவுஸில் சாவர்க்கர் முதலியோருடன் கூடிப் புரட்சி வீரராக மாறி, கைதாவதற்கு முன் மாறுவேடத்தில் தப்பி, 1910இல் பிரெஞ்சுப் புதுச்சேரியை அடைந்தார். பாரதியாரும் அரவிந்தரும் இருந்த அந்த ஊரில் பத்து வருஷங்கள் அவர் வாழ்ந்தார். அந்தப் பத்து வருஷத் தனிமையில் துப்பாக்கியைப் பற்றி யோசித்த அதே மனம் திருவள்ளுவரையும் கம்பரையும் பற்றி அதைவிட ஆழமாக யோசித்தது. குறளை அவர் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1916இல் வெளியிட்டார். தமிழ்ச் சிறுகதையின் முன்னோடிகளுள் ஒன்றாக எண்ணப்படும் 'குளத்தங்கரை அரசமரம்' அவர் எழுதியது. 1920இல் பிரிட்டிஷ் எல்லைக்குள் திரும்பி வந்து, சென்னையில் 'தேசபக்தன்' பத்திரிகைக்கு ஆசிரியராகி, அதில் வெளிவந்த ஒரு கட்டுரைக்காகப் பல்லாரிச் சிறைக்குச் சென்றார். கம்பராமாயணத்தைப் பற்றிய அவருடைய பெரிய ஆங்கில ஆராய்ச்சி அந்தச் சிறையில் எழுதப்பட்டதாகும். வெளியே வந்தபோது அவருக்கு நாற்பது வயது கடந்திருந்தது. இனி ஆயுதத்தினாலும் ஆகாது, பத்திரிகையினால் மாத்திரமும் ஆகாது, பிள்ளைகளை வளர்த்தால்தான் ஆகும் என்ற முடிவுக்கு அவர் வந்தார் என்பதை, அதன்பின் அவர் செய்த காரியமே காட்டுகிறது.

1922ஆம் ஆண்டின் இறுதியில் கல்லிடைக்குறிச்சியில் தொடங்கிய அந்த முயற்சி, விரைவில் சேரன்மகாதேவிக்கு மாறியது. ஸ்தாபனம் தமிழ்க் குருகுலம் எனவும், அதன் உறைவிடம் பாரத்துவாஜ ஆசிரமம் எனவும் வழங்கின. அந்தக் காலத்தில் தேசம் முழுவதும் இத்தகைய கனவுகள் எழுந்துகொண்டிருந்தன என்பதை மறக்கலாகாது. தாகூர் 1901இல் சாந்திநிகேதனத்தில் பள்ளி தொடங்கியிருந்தார். அடுத்த ஆண்டு ஹரித்துவாரத்துக்கு அருகே காங்கிடியில், பின்னாளில் சிரத்தானந்தர் என்று பெயர் பெற்ற முன்ஷிராம், கங்கைக் கரையில் குருகுலம் கண்டிருந்தார். ஒத்துழையாமைக் கிளர்ச்சியின்போது, 1920இல், காந்தியடிகள் குஜராத் வித்தியாபீடத்தை நிறுவியிருந்தார். சர்க்கார் பள்ளிகளை விட்டு வெளியேறுங்கள் என்று மாணவர்களிடம் சொன்ன தலைவர்களுக்கு, வெளியேறி வந்தவன் எங்கே போவான் என்ற கேள்விக்கு விடை சொல்ல வேண்டிய கடமை இருந்தது. தென்பாண்டி நாட்டின் விடையாக ஐயர் குருகுலத்தைக் கருதினார்.

அந்த விடையின் சிறப்பான பகுதி பாஷையைப் பற்றியது. ஆங்கிலத்தில் கணிதமும் ஆங்கிலத்தில் பூகோளமும் ஆங்கிலத்தில் தமிழ்நாட்டுச் சரித்திரமும்கூடக் கற்பிக்கப்பட்ட ஒரு யுகத்தில், உயர்நிலைப் படிப்பு வரையில் தமிழே போதனா மொழியாக இருக்கலாம், இருக்க வேண்டும் என்று அவர் கருதி, அதை ஒரு கொள்கையாக எழுதி வைப்பதோடு நில்லாமல் நடத்தியும் பார்த்தார். ஏட்டுக் கல்வியோடு கைத்தொழிலும் உழவும் தேகப்பயிற்சியும் சேர்ந்திருக்க வேண்டும் என்பது அவருடைய திட்டம். நாட்டின் அடிமைத்தனம் உடம்பிலும் குடியிருக்கிறது என்று நம்பிய மனிதர் அவர். 'பாலபாரதி' என்ற மாதப் பத்திரிகை 1924இல் குருகுலத்திலிருந்து வெளிவரத் தொடங்கியது. கம்பராமாயண ரசனை பற்றி அவர் அதில் எழுதிய கட்டுரைகள், தமிழ் இலக்கிய விமர்சனம் என்ற துறைக்கே ஒரு வழி வகுத்தவை. சுத்தானந்த பாரதியார் சில காலம் இங்கே தங்கிப் பணிபுரிந்து, அந்தப் பத்திரிகைக்கும் துணையாக இருந்தார். ஒரு சிற்றூரின் ஆற்றங்கரையில், சொற்ப வசதிகளோடு, பாடம் சொல்லும் வேளை போக மிஞ்சிய நேரத்தில், ஹோமரையும் மில்டனையும் வால்மீகியையும் அருகே நிறுத்திக் கம்பரை எடைபோட்ட ஒரு தலைமை ஆசிரியர் நமக்கு இருந்தார் என்பதை எண்ணும்போது என் நெஞ்சு நிமிர்கிறது. அந்த நெஞ்சு நிமிர்வை நான் ஒளிக்க விரும்பவில்லை. பின்னால் சொல்லப் போவதும் அதனால் மாறிவிடாது.

இத்தகைய ஸ்தாபனம் பொருளின்றி நடவாது. நாட்டுக்கோட்டைத் தனவணிகர் சிலரும், கடல் கடந்து வாழ்ந்த தமிழரும், சாதி வேறுபாடின்றிப் பலரும் நன்கொடை அளித்தார்கள். தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டி பத்தாயிரம் ரூபாய் தருவதாக ஒப்புக்கொண்டு, அதில் ஐயாயிரத்தைக் கொடுத்தது. பணம் பொதுப் பணம். பிராமணரல்லாதார் கொடுத்ததே அதில் மிகுதி என்று எதிர்த்தவர்கள் பின்னர் எடுத்துக் காட்டியதில் நியாயம் இருந்தது. தேசியப் பள்ளி என்ற பெயரைச் சொல்லி வாங்கிய காசு, தேசியப் பள்ளிக்குரிய கடமையையும் உடன் கொண்டு வருகிறது.

குருகுலத்தில் பிராமணச் சிறுவர் இருவருக்கு மற்றவர்களோடு சேராமல் தனியே போஜனம் நடந்தது. விவகாரம் அங்கேதான் பிறந்தது. அச்சிறுவர்களின் பெற்றோர் அந்த நிபந்தனையின் பேரில் பிள்ளைகளை ஒப்படைத்தார்கள், தாம் வாக்குக் கொடுத்துவிட்டோம், கொடுத்த வாக்கை மீற முடியாது என்பது ஐயர் தரப்பில் சொல்லப்பட்ட சமாதானம். தண்ணீரிலும் உணவிலும் வழிபாட்டிலும்கூட வேற்றுமை காட்டப்பட்டது என்பது எதிர்த் தரப்பின் குற்றச்சாட்டு. அங்கே படித்த பிள்ளைகளுள் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியாரின் மகனும் ஒருவன். தனக்கு ஒரு பந்தி, இன்னொருவனுக்கு ஒரு பந்தி என்பதைக் கண்ட அவன் வீட்டில் சென்று முறையிட, விஷயம் அப்போது தமிழ்நாடு காங்கிரஸின் காரியதரிசியாயிருந்த ஈ. வெ. ராமசாமிப் பெரியாரின் செவிக்கு எட்டியது. மீதி ஐயாயிரத்தை, நிலைமை சீர்படும் வரை தாம் கொடுக்க மறுத்ததாகவும், தமக்குத் தெரியாமல் மற்றொரு காரியதரிசியிடம் அந்தத் தொகை வாங்கப்பட்டுவிட்டதாகவும் அவர் பிற்காலத்தில் பல முறை கூறியிருக்கிறார். காங்கிரஸ் தலைவராயிருந்த டாக்டர் வரதராஜுலு நாயுடு, தம்முடைய 'தமிழ்நாடு' பத்திரிகையில் இதை நாடறிந்த பிரச்னையாக்கினார். ஊர்தோறும் கூட்டங்கள் நடந்தன. வைக்கத்தில் தெருவில் நடக்கும் உரிமைக்காகச் சத்தியாக்கிரகம் செய்து சிறைப்பட்டு வந்த பெரியார், தம் கட்சியின் பணத்தில் நடக்கும் பள்ளியில் இலைகள் பிரிந்து கிடப்பதைப் பொறுக்க வேண்டும் என்று எதிர்பார்த்தவர்கள் அவரை அறியாதவர்கள்.

வழக்கு காந்தியடிகளிடமும் சென்றது. ஏற்கெனவே வாக்குக் கொடுக்கப்பட்ட இருவர் விஷயத்தில் அந்த வாக்கைக் காக்கலாம். இனிச் சேர்பவர்கள் யாவரும் ஒரே பந்தியில் உண்ணச் சம்மதிப்பவர்களாக இருக்க வேண்டும் என்பது அவர் சொன்ன சமரசத்தின் சாரம். அது இரு தரப்பையும் சாந்தப்படுத்தவில்லை. 1925 ஏப்ரலில் ஐயர் குருகுலத் தலைமையிலிருந்து விலகினார், டி. ஆர். மகாதேவ ஐயர் அப்பொறுப்பை ஏற்றார். அம்மாத இறுதியில் திருச்சிராப்பள்ளியில் கூடிய காங்கிரஸ் கமிட்டியில், பிறப்பினால் உயர்வு தாழ்வு பாராட்டுவதைத் தேசிய ஸ்தாபனங்கள் கைவிட வேண்டும் என்ற கருத்தை உடைய தீர்மானத்தை எஸ். ராமநாதன் கொண்டுவர, அது நிறைவேறியது, ராஜாஜி, டி. எஸ். எஸ். ராஜன் முதலியோர் கமிட்டியிலிருந்து ராஜிநாமாச் செய்தனர். அடுத்த மாதமே ஈரோட்டிலிருந்து பெரியாரின் 'குடி அரசு' வெளிவரத் தொடங்கியது. அந்த ஆண்டு நவம்பரில் காஞ்சிபுரம் மகாநாட்டில், வகுப்புவாரிப் பிரதிநிதித்துவத் தீர்மானம் மறுக்கப்பட, பெரியார் காங்கிரஸை விட்டு வெளியேறினார். தமிழ்நாட்டின் அடுத்த ஐம்பது ஆண்டு அரசியல் எந்த வாசல் வழியாக வந்தது என்று தேடுவோர், சேரன்மகாதேவியின் சாப்பாட்டுக் கூடத்தையும் கடந்து செல்ல வேண்டியிருக்கும்.

ஆற்றங்கரையில் உட்கார்ந்து இவற்றையெல்லாம் மனத்தில் அடுக்கிப் பார்த்தபோது, ஐயரை வெறும் வைதிகப் பிடிவாதக்காரர் என்று ஒதுக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. சமுத்திரம் தாண்டி, மாறுவேடம் பூண்டு, எல்லா மதத்தாரோடும் உண்டு உறங்கிய ஒருவருக்குத் தம் சொந்த ஆசாரத்தைக் காப்பாற்ற வேண்டிய கவலை இருந்திருக்க முடியாது. பிறப்பினால் எல்லா உயிர்களும் ஒத்தவை என்ற பொருளுடைய குறளை உலகத்துக்கு மொழிபெயர்த்துத் தந்தவரும் அவரே. ஆயினும், அதனாலேயே அவர் தவறு எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. இரண்டு தந்தையர்க்குக் கொடுத்த வாக்கை அவர் நினைத்தார். அந்த வாக்கினால் தினந்தோறும் இரண்டு வேளை மற்ற எல்லாப் பிள்ளைகளுக்கும் கற்பிக்கப்பட்ட பாடத்தை அவர் நினைக்கவில்லை. வகுப்பில் தாய்மொழியிலே சுதந்திரத்தைப் போதித்துவிட்டு, மணி அடித்தவுடன் நீ அங்கே, அவன் இங்கே என்றால், பிள்ளை எதை மனப்பாடம் செய்வான்? அத்தகைய நிபந்தனையோடு வந்த பிள்ளையைச் சேர்க்காமலே விட்டிருக்கலாம். தவறிச் சேர்த்துவிட்டால், பெற்றோரை அழைத்து, இந்த வாக்கைக் கொடுக்க எனக்கு உரிமை இல்லை, பிள்ளையை அழைத்துச் செல்லுங்கள் என்று சொல்லியிருக்கலாம். ரேனியஸ் அதைச் செய்தார். சிறைக்கும் தூக்குமேடைக்கும் அஞ்சாத ஐயர், தம் வாக்குத் தவறுவதற்கு அஞ்சினார். தனிமனிதனுக்கு அது குணம். பொதுப் பள்ளியை நடத்துபவனுக்கு அது போதாது. எதிர்த்தவர்களுள் சிலர் அவர் செய்த நல்லதையெல்லாம் மறந்து பேசினார்கள் என்பது உண்மைதான். ஆனால் அவர்கள் எழுப்பிய கேள்விக்கு விடை ஒன்றே ஒன்றுதான் இருந்தது, அந்த விடை காங்கிரஸ் பெரியோர்களுக்கு ஏன் அவ்வளவு கசந்தது என்பதை என்னால் இன்றுவரை சமாதானப்படுத்திக்கொள்ள முடியவில்லை.

சேரன்மகாதேவியிலிருந்து மேற்கே பயணத்தைத் தொடர்ந்தேன். நாதஸ்வரம் அருணாசலத்தின் காருகுறிச்சி, வீரவநல்லூர், அப்பளத்துக்குப் பெயர்போன கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் என்று ஊர்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு வருகின்றன. கல்லிடைக்குறிச்சியில் ஒத்துழையாமைக் காலத்தின் நினைவாகத் திலகர் பெயரைத் தாங்கிய பள்ளி நடந்துகொண்டிருப்பது மனத்துக்கு ஆறுதலாயிருந்தது. சிவஞான முனிவர் பிறந்த விக்கிரமசிங்கபுரத்தைக் கடந்தால் பாபநாசம். மலை அங்கே சட்டென்று எழுந்து நிற்கிறது. கோயிலுக்கு மேலே, அகஸ்தியர் அருவி விழும் பாறைச் சரிவுக்கு உயரே கல்யாண தீர்த்தம். அகஸ்தியருக்குச் சிவபெருமான் மணக்கோலம் காட்டிய இடமென்பது ஐதிகம். பாறைகளுக்கிடையே நீர் சுழித்து, அமைதியான தோற்றத்தோடு, கீழே பெரும் வேகத்தை ஒளித்து ஓடுகிறது.

பள்ளியிலிருந்து விலகி ஏறக்குறைய ஆறு வாரங்கள் கழிந்திருந்தன. 1925ஆம் ஆண்டு ஜூன் 3ஆம் தேதி, ஐயர் குருகுலப் பிள்ளைகளோடும் தம் மகள் சுபத்திரையோடும் இங்கே வந்தார். நீரோட்டத்தைத் தாண்ட முயன்ற சுபத்திரை தவறி விழுந்தாள். மகளைக் காக்கத் தந்தையும் உடனே குதித்தார். இருவரையும் அருவி கொண்டுபோய்விட்டது. ஐயருக்கு அப்போது வயது 44. அவரைக் கடுமையாக எதிர்த்து எழுதிய பத்திரிகைகளும் அவர் மறைவுக்காக வருந்தின. அவர் எழுதி முடிக்காமல் விட்ட கட்டுரைகளும், நடத்தி முடிக்காமல் விட்ட வகுப்புகளும் எத்தனை! தமிழில் விஞ்ஞானமும் கணிதமும் கற்பிக்க அவர் கண்ட வழி இன்னும் பத்து ஆண்டுகள் வளர்ந்திருக்குமானால் நம்முடைய பள்ளிகளின் சரித்திரம் வேறாக இருந்திருக்கும் என்றே நான் நம்புகிறேன்.

மகாதேவ ஐயரின் பொறுப்பில் குருகுலம் மேலும் சில காலம் நடந்தது. ஆனால் பொது ஜனங்களின் நம்பிக்கை போன பிறகு நன்கொடை வருவது எளிதன்று, ஆசிரியரே போன பிறகு மாணவர் வருவதும் எளிதன்று. 'பாலபாரதி' நின்றது, சிறிது சிறிதாக ஒடுங்கி, அந்த வித்தியாசாலை இல்லாமலே போயிற்று.

பந்தி வேற்றுமையை வீட்டில் வந்து சொன்ன சிறுவனின் தந்தை ஓமந்தூரார், 1947இல் சென்னை மாகாணத்தின் பிரதமரானார். ஹரிஜனங்களும் மற்ற எல்லா ஹிந்துக்களும் மாகாணத்தின் ஆலயங்களுக்குள் சென்று வழிபடும் உரிமையை உறுதிசெய்த ஆலயப் பிரவேசச் சட்டம் அவருடைய மந்திரிசபைக் காலத்தில், அந்த ஆண்டிலேயே வந்தது. அதற்குப் பின், காமராஜர் முதலமைச்சராயிருந்தபோது, கல்வித்துறை இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு உடனிருந்து உழைக்க, ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளியிலேயே மதிய உணவு அளிக்கும் திட்டம் மாநிலமெங்கும் பரவத் தொடங்கியது. அதன் தொடக்க விழா பாரதியார் பிறந்த எட்டையபுரத்தில் நிகழ்ந்தது; எட்டையபுரம் அன்று இதே திருநெல்வேலி ஜில்லாவைச் சேர்ந்த ஊர். அங்கே எல்லாச் சாதிப் பிள்ளைகளையும் ஒரே வரிசையில் உட்கார வைத்துச் சர்க்காரே சோறு பரிமாறிய வருஷம் 1956. சேரன்மகாதேவியில் இரண்டு பிள்ளைகளின் தனி இலையைப் பற்றித் தமிழ்நாடு வழக்காடியதற்கு அது முப்பத்தோராவது வருஷம்.